ஒப்பரேஷன் தியேட்டர்ல மருந்து மாறாம இருக்க கொம்பியூட்டர் சத்தம் போட்டா போதுமா?

நானுஓயா_பையன் | செவ்வாய் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க. போன மாசம் எங்கம்மாவுக்கு பித்தப்பை கல்லுக்கு ஒப்பரேஷன் நடந்துச்சு, எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லல, நல்லபடியா முடிஞ்சு இப்ப வீட்ல நடமாடுறாங்க. ஆனா தியேட்டருக்குள்ள ஒரு விஷயம் நடந்திருக்கு, அம்மா அத வீட்டுக்கு வந்து மூணு நாள் கழிச்சு சோறு சாப்பிடுறப்ப சாதாரணமா சொல்றாங்க. மேசையில படுக்க வச்சு சிரிஞ்ச கையில எடுத்துட்டாங்களாம், பக்கத்துல நின்ன பயிற்சி மிஸ் (நர்ஸ்) ஒண்ணு, தமிழ் தெரிஞ்ச பிள்ள, "அம்மா உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா"ன்னு கேட்டிருக்கு. அம்மா, "ஆமா தங்கம், ரொம்ப வருசத்துக்கு முன்னாடி ஒரு தடவ மேலெல்லாம் தடிச்சு உதடு வீங்கிருச்சு, பென்சிலினாத்தான் இருக்கும்னு பொறவு சொன்னாங்க"ன்னு சொன்னதும் எல்லாரும் நின்னுட்டாங்களாம். சிரிஞ்சுல இருந்தது கோ-அமொக்ஸிக்லேவ், பென்சிலின் குடும்பம். அத அப்படியே எடுத்து வச்சிட்டு வேற ஒண்ணு போட்டிருக்காங்க. பெட் டிக்கட்ல, அதாவது வாட்டுல நோயாளி விவரம் எழுதுற தாள்ல, அலர்ஜி எதுவும் இல்லன்னுதான் எழுதியிருந்துச்சாம்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. அந்த பிள்ள அன்னைக்கு லீவுல போயிருந்தா என்ன ஆகும்?

நான் கண்டியில ஒரு சொஃப்ட்வெயார் கம்பனியில வேல பாக்குறேன், ஆஸ்பத்திரி வேல இல்ல, கணக்கு வழக்கு செய்ற சொஃப்ட்வெயார்தான். ஆனா ஒரு மருந்த ஏத்துறதுக்கு முன்னால ஸ்க்ரீன்ல சிவப்பா ஒரு அலர்ட் வந்து "இந்த ஆளுக்கு இது ஆகாது"ன்னு சொல்ற மாதிரி செய்றது ஒண்ணும் பெரிய கஷ்டம் இல்லைன்னு என் புத்திக்கு தோணுது. வெளிநாட்டுல இருக்கா, இங்க ஏன் இல்ல, நம்ம பக்கத்து ஆஸ்பத்திரிகள்ல சரி வருமா? தியேட்டர்ல வேல செய்றவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

ஊவா_காத்து | செவ்வாய் இரவு 10.15

தம்பி அம்மா சுகமா இருக்காங்களே அது போதும். நீங்க கேட்டது இருக்கு. 2022ல அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கத்து மாநாட்டுல இந்த மாதிரி சொஃப்ட்வெயார் இருந்தா தியேட்டர் மருந்து பிழைகள்ல 95 வீதம் வரைக்கும் தடுக்கலாம்னு சொன்னாங்க. 95 வீதம்னா கிட்டத்தட்ட எல்லாமே. நம்ம ஆஸ்பத்திரிகளுக்கு உடனே வாங்கி போடணும், வேற பேச்சே தேவையில்லன்னு நான் நெனைக்கிறேன்.

பனிமூட்டம் | புதன் காலை 5.50

நான் மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒண்ணுல மயக்க மருந்து பகுதியில மெடிக்கல் ஒபிசர். டியூட்டி முடிஞ்சு எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும், வாட்டுல மருந்து குடுக்குறதும் தியேட்டர்ல குடுக்குறதும் ஒரே வேல இல்ல. வாட்டுல டொக்டர் எழுதுவாரு, பாமசியில அத பாத்து எடுத்து குடுப்பாங்க, மிஸ் இன்னொரு தடவ டிக்கட்ட பாத்துட்டு நோயாளிக்கு குடுப்பாங்க, மூணு பேரு கண்ணு படுது. தியேட்டர்ல நான் யோசிக்கிறேன், நானே அம்பியூல (மருந்துக் கண்ணாடிக் குப்பிய) உடைக்கிறேன், நானே சிரிஞ்சுல இழுக்கிறேன், நானே ஏத்துறேன், ஏத்தி முடிச்ச பொறவுதான் சார்ட்டுல எழுதுறேன். பிரஷர் 60க்கு விழுந்துக்கிட்டு இருக்கறப்ப ஒருத்தரும் மொதல்ல எழுதிட்டு பொறவு மருந்து ஏத்த மாட்டாங்க. அப்போ சாதாரணமா செய்ற சொஃப்ட்வெயாருக்கு அந்த மருந்து போனதே எப்ப தெரியும்னா மருந்து ரத்தத்துல கலந்த பொறவு. அதுக்கு பொறவு சிவப்பு லைட் எரிஞ்சு என்ன செய்ய?

அதனாலதான் இதுல தலையான விஷயம் அலர்ட் இல்ல, அதுக்கு முந்தின நிமிஷம். சிரிஞ்ச நோயாளிகிட்ட கொண்டு போறதுக்கு முன்னாடி பார்கோட ஸ்கேன் பண்ணணும், அப்பத்தான் மெஷினுக்கு "இப்ப இது போகப்போகுது"ன்னு தெரியும், தடுக்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும்.

ஊவா அண்ணே சொன்ன 95 வீதத்த பத்தி. அது பிழை நடந்த பொறவு ஆட்கள் தாங்களா எழுதிக் குடுத்த ரிப்போட்டுகள எடுத்து வச்சு, சொஃப்ட்வெயார் இருந்திருந்தா இதுல எத்தன நின்னிருக்கும்னு உக்காந்து பாத்த கணக்கு. கூடவே நின்னு எண்ணினா படம் வேற. போஸ்டன்ல மசாசுசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில ஆட்கள தியேட்டருக்குள்ளயே நிக்க வச்சு 277 ஒப்பரேஷன் பாத்தாங்க, 2015 அக்டோபர்ல வெளிவந்துச்சு. மொத்தம் 3,671 தடவ மருந்து குடுத்திருக்காங்க, அதுல 193ல ஒண்ணு பிழை, இல்லன்னா மருந்தால வந்த கெடுதல். அதாவது 20 தடவைக்கு ஒண்ணு. 277 ஒப்பரேஷன்ல பாதிக்கிட்ட ஏதாவது ஒண்ணாச்சும் நடந்திருக்கு. எல்லாமே உயிர் போற விஷயம் இல்ல, ஆனா அந்த 193ல ஏறக்குறைய 80 வீதம் தடுத்திருக்கக் கூடியது. அந்த ஆஸ்பத்திரியில ஏற்கனவே கொம்பியூட்டர் சார்ட்டும் பார்கோட் போட்டு சிரிஞ்சு லேபல் அடிக்கிற மெஷினும் இருந்துச்சு, அப்படி இருந்தும் இந்த கணக்கு. இதத்தான் நான் எங்க சின்ன டொக்டர் பிள்ளைங்களுக்கு திரும்ப திரும்ப சொல்றது.

தியேட்டர்_மிஸ் | புதன் காலை 7.30

டொக்டர் சொன்னது நூத்துக்கு நூறு. தம்பி நான் தியேட்டர்ல 19 வருசம். உங்க அம்மாவ கேட்ட அந்த பிள்ளைக்கு என் சார்பா நன்றி சொல்லுங்க, எங்கயாச்சும் பாத்தா.

உள்ள எப்படி இருக்கும்னு வெளிய இருக்கறவங்களுக்கு தெரியாது. மயக்க மருந்து ட்ரேயில ஒரே நேரத்துல ஆறு ஏழு சிரிஞ்ச் கிடக்கும், எல்லாத்துலயும் தண்ணி மாதிரி ஒரே நிறம். புரோபபோல் மட்டும் பால் மாதிரி வெள்ள, அதனால அது மாறாது. மத்தது எல்லாம் லேபல நம்பித்தான். உலக முறைப்படி நிறம் இருக்கு, தசைய தளர்த்துற மருந்துக்கு சிவப்பு, மோபீன் பெண்டனில் வகை வலி மருந்துக்கு நீலம், மயங்க வைக்கிற மருந்துக்கு மஞ்சள், பிரஷர் ஏத்துறதுக்கு ஊதா. அந்த ஸ்டிக்கர் ரோல் முடிஞ்சிருச்சுன்னா என்ன செய்வோம், வெள்ள பிளாஸ்டர கிழிச்சு ஒட்டி பேனாவால எழுதுவோம். ஸ்பிரிட் பட்டா அந்த எழுத்து கரைஞ்சிரும். நான் பாத்திருக்கேன், எழுத்து பாதி அழிஞ்ச சிரிஞ்ச தூக்கி வெளிச்சத்துல காட்டி "இது என்ன"ன்னு கேக்குறத. சந்தேகம்னா கொட்டிறணும், மருந்து தட்டுப்பாடா இருந்தாலும் கொட்டிறணும், அத நான் யாருக்காகவும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

இன்னொண்ணு, சத்தம். மொனிட்டர் ஒரு பக்கம் கத்தும், வென்டிலேட்டர் ஒரு பக்கம், பம்ப் ஒரு பக்கம், ரத்தக்குழாய சுட்டு அடைக்கிற டயதர்மி வேற, கூடவே போன். அதுல இன்னொரு மணி சேத்தா யாருக்கும் கேக்காது. கேட்டாலும் கை தானா போய் சத்தத்த நிப்பாட்டிரும், என்ன சொல்லுதுன்னு பாக்காமயே. இது கெட்ட பழக்கம்னு திட்டலாம், ஆனா ஒரு நாளைக்கு நூறு தடவ சும்மா கத்தற ஒண்ண மனுசன் எத்தன நாளைக்கு நம்புவான்?

பனிமூட்டம் | புதன் பகல் 1.05

அக்கா சொன்னதுக்கு கணக்கும் இருக்கு. கொம்பியூட்டர்ல மருந்து எழுதுற நாடுகள்ல வர்ற மருந்து அலர்ட்டுகள டொக்டர்மார் தள்ளிவிட்டுட்டு போற அளவு 49ல இருந்து 96 வீதம்னு 2006ல ஒரு பெரிய தொகுப்பு வந்துச்சு. நூறு அலர்ட்ல நாலத்தான் மதிக்கிறாங்கன்னா மத்த 96ம் சேந்து அந்த நாலையும் கொல்லுது.

ஒரு உதாரணம் சொல்றேன், பென்சிலின் அலர்ஜின்னு போட்டுட்டா பல சொஃப்ட்வெயார் செஃபசோலின்ங்கற வேற அன்டிபயோட்டிக்குக்கும் கத்தும். செஃபசோலினோட பக்கச் சங்கிலி அமைப்பு பென்சிலின் வகைகளோட ஒத்துப்போறதில்ல, அதனால ரெண்டுக்கும் சேந்து ஒத்துக்காம போறது ரொம்ப அபூர்வம், பல இடங்கள்ல அத தாராளமா குடுக்குறாங்க. டொக்டருக்கு இது தெரியும், அதனால தள்ளிவிடுவாரு. பத்து தடவ தள்ளிவிட்டவரு பதினோராவது தடவ கோ-அமொக்ஸிக்லேவுக்கு வர்ற நிஜமான அலர்ட்டையும் அதே விரலால தள்ளிவிடுவாரு. பயமா இருக்கறது இதுதான்.

ஊவா_காத்து | புதன் பகல் 1.40

அப்போ சொஃப்ட்வெயாரே வேணாம்னு சொல்றீங்களா டொக்டர்? எதுவுமே இல்லாததுக்கு அது பரவாயில்லையே.

பனிமூட்டம் | புதன் இரவு 8.20

வேணாம்னு சொல்லல அண்ணே, ஆசையா வேணும்னுதான் இருக்கு. நியூசிலாந்துல ஓக்லண்ட் ஆஸ்பத்திரியில 1,075 ஒப்பரேஷன்ல ஒரு முறைய சோதிச்சாங்க, 2011ல வந்துச்சு. மருந்துகள ஒழுங்கா அடுக்கின ட்ரே, நிற லேபல், பார்கோட், ஸ்கேன் பண்ணினதும் மருந்து பேர வாயால சொல்ற ஒரு குரல். பதியுறதுல வர்ற பிழையும் சேத்து நூறு தடவைக்கு 11.6 ஆ இருந்தது 9.1 ஆ குறைஞ்சுச்சு. பெரிய அதிசயம் இல்ல, ஆனா நிஜமான குறைவு. யாரு ஒவ்வொரு தடவயும் குடுக்குறதுக்கு முன்னாடியே ஸ்கேன் பண்ணி அந்த குரலையும் அமத்தாம வச்சிருந்தாங்களோ அவங்களுக்கு இன்னும் நல்லா குறைஞ்சுச்சு. குடுத்துட்டு பொறவு ஸ்கேன் பண்ணினவங்களும் இருந்தாங்க, அவங்களுக்கு அது வெறும் கணக்குக் கொப்பிதான்.

மருந்து பேர சொல்ற குரல் எனக்கு ரொம்ப பிடிச்ச யோசனை. எச்சரிக்கை இல்ல, திட்டு இல்ல, "சக்ஸமீத்தோனியம்"னு ஒரு வார்த்த மட்டும். அது தசைய தளர்த்துற மருந்து, நீங்க அத வாந்திக்கு குடுக்குற ஒன்டன்செட்ரோன்னு நெனச்சு கையில வச்சிருந்தீங்கன்னா அந்த ஒரு வார்த்தையில கை நின்னுரும்.

மாத்தளை_பாமசி | வியாழன் காலை 9.10

பாமசிக்காரனா ஒரு விஷயம் சேக்கணும், எல்லாரும் ஸ்கேன் ஸ்கேன்னு பேசுறதால. நமக்கு வர்ற அம்பியூல் எல்லாத்துலயும் ஒரே மாதிரி பார்கோட் இருக்குன்னு நெனைக்காதீங்க, பெட்டியில இருக்கும், சின்ன அம்பியூல்ல எழுத்தே வாசிக்க முடியாத அளவு இருக்கும். டெண்டர் மாறினா அதே மருந்து வேற கம்பனியில வேற உருவத்துல வரும். நேத்து வரைக்கும் நீலத் தொப்பி, இன்னைக்கு மஞ்சள் தொப்பி. பேராசிரியர் சேனக பிபிலே 1971ல அரச மருந்துக் கூட்டுத்தாபனத்த ஆரம்பிச்சு, மருந்த கம்பனி பேர்ல இல்லாம மருந்தோட சொந்தப் பேர்ல வாங்கணும் எழுதணும்னு கொண்டு வந்தது நம்ம ஏழை சனத்துக்கு கிடைச்ச பெரிய வரம், அதுல ஒரு சொல்லு குறைக்க மாட்டேன். ஆனா பெட்டி அடிக்கடி மாறுறது அதோட கூட வர்ற விஷயம், அதுக்கு ஏத்த மாதிரி நாங்கதான் எச்சரிக்கையா இருக்கணும்.

2022 ஞாபகம் இருக்கா? மார்ச் கடைசியில பேராதனை போதனா ஆஸ்பத்திரியில நியோஸ்டிக்மின் உள்பட மருந்து இல்லாம திட்டம் போட்ட ஒப்பரேஷன் எல்லாத்தையும் நிப்பாட்டினாங்க. நியோஸ்டிக்மின்னா ஒப்பரேஷன் முடிஞ்சதும் தசைய பழையபடி வேல செய்ய வைக்கிற மருந்து, அது இல்லாம தளர்த்துற மருந்த போட யாருக்கும் துணிச்சல் வராது. அந்த மாதிரி நேரத்துல எங்கெங்க இருந்தோ நன்கொடையா மருந்து வரும், வேற அளவு, வேற நாட்டு லேபல், சிலதுல இங்கிலீஷே இருக்காது. பிழை வர்ற காலம்னா அதுதான். சொஃப்ட்வெயார் செய்ற தம்பி, உங்க மருந்துப் பட்டியல்ல இல்லாத ஒரு பெட்டி நாளைக்கு காலையில வந்து இறங்கினா என்ன செய்வீங்கன்னு மொதல்ல யோசிங்க. அத அன்னைக்கே பட்டியல்ல சேக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்கு சம்பளம் வேணும்.

தியேட்டர்_மிஸ் | வியாழன் காலை 10.00

பாமசி அண்ணன் சொன்னதால ஞாபகம் வந்துச்சு. ட்ரனெக்ஸாமிக் அசிட். ரத்தப்போக்க நிப்பாட்டுறது, சீசர் தியேட்டர்ல கட்டாயம் இருக்கணும், தாய்மார் உயிர காப்பாத்துற மருந்து. அதோட அம்பியூலும் முதுகுத்தண்டுல போட்டு மரத்துப்போக வைக்கிற புபிவகேன் அம்பியூலும் சில நேரம் ஒண்ணு மாதிரியே இருக்கும். மாறி முதுகுல போட்டுட்டா வலிப்பு வந்து, மாட்டினவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் செத்திருக்காங்க. பல நாடுகள்ல நடந்து 2022ல உலக சுகாதார நிறுவனமே இதுக்குன்னு எச்சரிக்கை விட்டுச்சு, ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்கன்னு. இதுக்கு எந்த கொம்பியூட்டரும் வேணாம். நான் ட்ரனெக்ஸாமிக்க தூக்கி வேற அலுமாரியில வச்சிட்டேன், ஸ்பைனல் ட்ரே பக்கமே வர விடுறதில்ல. புதுசா வர்ற பிள்ளைங்க எடுக்க நாலு எட்டு நடக்கணும்னு முனகுவாங்க, நடக்கட்டும்.

மூணு_பிள்ள_அம்மா | வியாழன் பகல் 12.30

இதெல்லாம் வாசிக்க வாசிக்க நெஞ்சு படபடக்குது. என் சின்ன மகனுக்கு அடுத்த மாசம் குடல் இறக்கத்துக்கு ஒப்பரேஷன், 14 கிலோ. நான் என்ன கேக்கணும் அவங்ககிட்ட?

பனிமூட்டம் | வியாழன் மாலை 6.45

பயப்படாதீங்கம்மா, நாங்க பிள்ளைங்க விஷயத்துல ரெண்டு மடங்கு கவனமா இருப்போம். அன்னைக்கு காலையில பிள்ளைய மறுபடி நிறுக்க சொல்லுங்க, பழைய கிளினிக் கொப்பியில இருக்கற கிலோவ வச்சு போக விடாதீங்க. பிள்ளைக்கு வீட்ல குடுத்த மருந்து எல்லாம், பனடோல் சிரப் உள்பட, எத்தன மணிக்கு குடுத்தீங்கன்னு எழுதி கொண்டு போங்க. முன்னாடி எந்த மருந்துக்காவது மேல் தடிச்சிருந்தா நீங்களா சொல்லிருங்க, கேக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க.

நிறை விஷயத்துலதான் உண்மையில சொஃப்ட்வெயார் எனக்கு ரொம்ப உதவும். தோட்டத்துல கொழுந்தெடுக்குற அம்மா ஒருத்தங்க வர்றாங்க, 40 கிலோ இருப்பாங்க. வெட்டின இடத்துல வலி குறையட்டும்னு கடைசியில புபிவகேன் போடுவோம், கிலோவுக்கு 2 மில்லிகிராம்தான் எல்லைன்னு வச்சிக்கிட்டா அவங்களுக்கு 80. அர வீத மருந்துல ஒரு மில்லிலீட்டர்ல 5 மில்லிகிராம், அப்ப 16 மில்லிலீட்டரோட நிக்கணும். ஆனா எல்லாருக்கும் பழகின கை 20 மில்லிலீட்டர் வயல முழுசா இழுத்துரும், அது 100 மில்லிகிராம். கூடினா இதயத்த அடிக்கும். சர்ஜன் தைக்கிறாரு, நான் எழுப்புறதுல இருக்கேன், அந்த நேரத்துல "இவங்களுக்கு 16 மட்டும்"னு ஒரு வரி ஸ்க்ரீன்ல இருந்தா எவ்வளவு நிம்மதி தெரியுமா. புத்தகத்துல இருக்கற எடுத்துக்காட்டுல நோயாளி 70 கிலோ. நம்ம சனம் அந்த நிறைக்கு வர்றதில்ல.

அதே மாதிரி நீண்ட ஒப்பரேஷன்ல நாலு மணித்தியாலம் ஆனதும் அன்டிபயோட்டிக் ரெண்டாவது தடவ போடணும்னு ஞாபகப்படுத்துறது. மனுசன் மறப்பான், கடிகாரம் மறக்காது.

கொழுந்துக்கூடை | வியாழன் இரவு 9.55

நான் டொக்டரும் இல்ல மிஸ்ஸும் இல்ல. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சுக் குடுக்குறேன், எங்க லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஆளுங்க ஆஸ்பத்திரிக்கு போனா கூட போயி பேசிக் குடுக்குறது என் வேலையா போச்சு, பத்து வருசமா. மூணு நாளா வாசிச்சிட்டு எழுதாம இருக்க முடியல.

தம்பி நீங்க மொத பதிவுல எழுதினதுல ஒரு வரி எனக்கு குத்துது. டிக்கட்ல அலர்ஜி இல்லன்னு எழுதியிருந்துச்சுன்னு சொன்னீங்க. யாரு எழுதினா, எப்படி கேட்டு எழுதினாங்க? எனக்கு தெரியும் எப்படின்னு. வாட்டுல ஒரு மிஸ், 40 கட்டில், கேள்வி சிங்களத்துல, இல்லன்னா "அலர்ஜி தியனவாத" (அலர்ஜி இருக்கா)ன்னு பாதி இங்கிலீஷ் பாதி சிங்களம். எங்க அம்மாமாருக்கு அலர்ஜின்னா என்னன்னு தெரியாது. தெரியாதத கேட்டா என்ன சொல்லுவாங்க? தலைய ஆட்டிட்டு "நே நே" (இல்ல இல்ல)ன்னு சொல்லிருவாங்க, மரியாதைக்கு. அந்த மிஸ் மேல எனக்கு கோபம் இல்ல, அவங்களுக்கும் அந்த நேரத்துல அதத்தான் செய்ய முடியும். ஆனா அந்த "நே" டிக்கட்ல ஏறி, டிக்கட்ல இருந்து கொம்பியூட்டர்ல ஏறினா, உங்க அலர்ட் பச்சை லைட் போட்டு "எல்லாம் சரி, குடுங்க"ன்னு சொல்லும். மெஷின் இல்லாத நேரத்துல டொக்டராவது கொஞ்சம் சந்தேகத்தோட இருப்பாரு, மெஷின் சரின்னு சொல்லிட்டா அந்த சந்தேகமும் போயிரும்.

எங்க ஆளுங்க மருந்த பேர் சொல்லி சொல்ல மாட்டாங்க. "தோட்டத்து டிஸ்பென்சரியில குடுத்த செவப்பு மஞ்ச கூடு", "வெள்ள பெரிய வில்ல", "அந்த கசப்பு தண்ணி". வர்ற மருந்து சின்ன பேப்பர் கவர்ல வரும், காலை மாலைன்னு கோடு போட்டிருக்கும், மருந்து பேரு இருந்தா இங்கிலீஷ்ல கிறுக்கியிருக்கும், கவர் மழையில நனைஞ்சு போயிரும். அதனால நான் இப்ப "அலர்ஜி இருக்கா"ன்னு கேக்குறதே இல்ல. "எந்த மருந்தாவது குடிச்சு, ஊசி போட்டு, மேல் தடிச்சிருக்கா, அரிச்சிருக்கா, மூஞ்சி வீங்கிருக்கா, மூச்சு முட்டிருக்கா, மயங்கி விழுந்தீங்களா"ன்னு ஒண்ணொண்ணா கேப்பேன். அப்ப நாலு பேர்ல ஒருத்தராவது "ஆமா டீச்சர், ஒரு தடவ..."ன்னு ஆரம்பிப்பாங்க. அந்த "ஒரு தடவ"தான் உங்க சொஃப்ட்வெயாருக்கு வேணும். டிக்கோயாவுல 2017ல புது ஆஸ்பத்திரி திறந்தப்ப எங்க பக்கம் தூரம் குறைஞ்சுச்சு, அது பெரிய காரியம், நான் எந்த ஒரு ஆஸ்பத்திரியையும் குறை சொல்லல, எங்க போனாலும் இந்த ஒரு கேள்விய தமிழ்ல கேக்க ஒரு ஆள் இருக்கணும்னுதான் சொல்றேன்.

தியேட்டர்_மிஸ் | வியாழன் இரவு 10.30

டீச்சர், உங்க பதிவ நாளைக்கு எங்க பிள்ளைங்களுக்கு வாசிச்சு காட்டப் போறேன். நான் தமிழ் தெரிஞ்சவதான், ஆனா நானும் இத்தன வருசமா "அலர்ஜி இருக்கா"ன்னுதான் கேட்டேன். அரிச்சுச்சா வீங்குச்சான்னு பிரிச்சு கேக்கணும்னு யாரும் எனக்கு சொல்லித் தரல.

பனிமூட்டம் | வெள்ளி காலை 6.10

உலக சுகாதார நிறுவனத்து சத்திரசிகிச்சை செக்லிஸ்ட் 2008ல வந்தது, மயக்குறதுக்கு முன்னால கேக்குற முதல் பகுதியிலயே அலர்ஜி கேள்வி இருக்கு. எட்டு நாட்டு நகரங்கள்ல எட்டு ஆஸ்பத்திரியில சோதிச்சப்ப சாவு 1.5 வீதத்துல இருந்து 0.8க்கு இறங்குச்சு. ஒரு தாள், கரண்ட் தேவையில்லாத ஒரு தாள். நாங்களும் அத நிரப்புறோம். ஆனா அந்த கேள்விக்கு பதில எங்க இருந்து எடுக்குறோம்னா பல நேரம் டிக்கட்ட பாத்து, நோயாளிய பாத்து இல்ல. டீச்சர் எழுதினத வாசிச்சிட்டு நேத்து ராத்திரி நான் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

நானுஓயா_பையன் | வெள்ளி இரவு 8.00

எல்லார் பதிலையும் ரெண்டு தடவ வாசிச்சேன். நான் நெனச்சது ஒரு சிவப்பு லைட். இப்ப என் கொப்பியில எழுதி வச்சிருக்கறது வேற.

அலர்ஜி கட்டத்துல "இல்ல"ன்னு ஒரு பட்டன் வைக்கக் கூடாது. "கேட்டோம், எந்த மொழியில கேட்டோம், யாரு கேட்டா" இதெல்லாம் போட்டாத்தான் "இல்ல"ங்கறத சேமிக்கும், அது வரைக்கும் "இன்னும் கேக்கல"ன்னு மஞ்சளா நிக்கும். கேள்விகள் டீச்சர் சொன்ன மாதிரி அரிச்சுச்சா வீங்குச்சான்னு தமிழ்லயும் சிங்களத்துலயும் குரல்ல பதிஞ்சு, போன்ல அழுத்தினா நோயாளிக்கு கேக்குற மாதிரி. கத்துற அலர்ட் ரெண்டே ரெண்டு, நோயாளி சொன்ன அலர்ஜிக்கு நேரா அதே குடும்ப மருந்து வந்தா ஒண்ணு, நிறைக்கு மேல அளவு போனா ஒண்ணு. மத்தது எல்லாம் சத்தம் இல்லாம ஓரமா ஒரு வரி. கரண்ட் போனாலும் ஒரு டெப்லட்ல தனியா ஓடணும், 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினத மறக்கல. டொக்டர், அலர்ட் வந்தா மருந்த குடுக்கவே விடாம பூட்டிறலாமா?

பனிமூட்டம் | வெள்ளி இரவு 11.20

பூட்டாதீங்க தம்பி. இதயம் நிக்கப்போற நேரத்துல அட்ரினலின் அளவு கூடிருச்சுன்னு மெஷின் என்ன நிப்பாட்டினா அந்த உயிர் போயிரும். காரணம் ஒரு வார்த்த கேளுங்க, குடுக்க விடுங்க, பொறவு அந்த காரணங்கள மாசத்துக்கு ஒரு தடவ சேந்து உக்காந்து பாப்போம். தண்டிக்கிறதுக்கு இல்ல, எந்த அலர்ட் வீணா கத்துதுன்னு கண்டுபிடிச்சு தூக்குறதுக்கு. தண்டனைன்னு தெரிஞ்சா ஒருத்தரும் உண்மை எழுத மாட்டாங்க.

மொழிய பதியணும்னு சொன்னீங்களே, அத எங்கயும் நான் பாத்ததில்ல. அத மட்டும் விட்டுறாதீங்க.

மாத்தளை_பாமசி | சனி காலை 8.40

மருந்துப் பட்டியல நான் சரிபாத்து தர்றேன் தம்பி, சம்பளம் வேணாம் இப்போதைக்கு. ஒண்ணு கேக்கணும், உங்க அம்மாவுக்கு பென்சிலின்தான்னு எப்படி உறுதி? பென்சிலின் அலர்ஜின்னு சொல்ற பத்துப் பேர்ல ஒம்பது பேருக்கு சோதிச்சு பாத்தா அது இருக்காது. பழைய துண்டு ஏதாவது இருக்கா வீட்ல?

நானுஓயா_பையன் | ஞாயிறு இரவு 7.15

அண்ணே நீங்க கேட்டதால நேத்து ஊருக்கு போனேன். அம்மாவோட தகரப் பெட்டி, கல்யாணச் சேலைக்கு அடியில, ரேஷன் கார்ட், என் பிறப்புச் சான்று, அதோட மடிச்சு மடிச்சு கிழிய போற மாதிரி ஒரு டயக்னோசிஸ் கார்ட். 2004. கையெழுத்து மங்கிருச்சு, போன் லைட்ட சாய்ச்சு புடிச்சு வாசிச்சேன். மேல் தடிப்பு, உதடு வீக்கம், மருந்து கோ-ட்ரைமொக்ஸசோல். பென்சிலின்னு எங்கயுமே இல்ல.

அம்மாகிட்ட கேட்டேன், பென்சிலின்னு யாரு சொன்னான்னு. யோசிச்சு யோசிச்சு, பக்கத்து லயத்து அக்கா சொன்னாங்கன்னு சொன்னாங்க. இருபது வருசமா அந்த கார்ட பத்திரமா வச்சிருக்காங்க, ஆனா அதுல என்ன எழுதியிருக்குன்னு யாரும் அவங்களுக்கு வாசிச்சு சொல்லல. நானும் தான். நான் இங்கிலீஷ் படிச்சு கொம்பியூட்டர்ல வேல செய்றேன்.

இப்ப ஆஸ்பத்திரியில பென்சிலின் அலர்ஜின்னு பதிஞ்சாச்சு, நெஜமான மருந்து எங்கயும் பதியல.

பனிமூட்டம் | ஞாயிறு இரவு 8.30

தம்பி அந்த கார்ட ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, பிளாஸ்டிக் உறையில போட்டு கிளினிக் கொப்பியோட சேத்து வைங்க. அடுத்த கிளினிக்ல டொக்டர் கையில நேரா குடுத்து கோ-ட்ரைமொக்ஸசோல்னு டிக்கட்லயும் கிளினிக் கொப்பியிலயும் சிவப்பு பேனாவால எழுத சொல்லுங்க, சல்பா மருந்து அது. பென்சிலின நீங்களா வெட்டிறாதீங்க, அது ஆகுமா ஆகாதான்னு அவங்க பாத்து முடிவு பண்ணுவாங்க, அது வரைக்கும் ரெண்டையும் சொல்லுங்க. உங்க அம்மாவுக்கும் அந்த மருந்து பேர வாயில வர்ற மாதிரி சொல்லிக் குடுங்க.

நானுஓயா_பையன் | ஞாயிறு இரவு 9.05

சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன் டொக்டர். "கோ-ட்ரை" வரைக்கும் வந்துட்டாங்க. கிளினிக் வர்ற வியாழக்கிழம, நானும் லீவு போட்டுட்டு கூட போறேன்.